வெறுங்கையோடாவது

அந்தப் பாட்டை ஒரு வருஷம் கிர்கிஸ் நாட்டின் பிஷ்கெக் நகரமே பாடியது. வேன் ஓட்டுகிறவர்கள் பாடினார்கள், ஓஷ் சந்தையில் ரொட்டி விற்கிற பெண்கள் பாடினார்கள், கல்யாண வீடுகளில் சாப்பாட்டு விரிப்பைச் சுருட்டிய பிறகு பெரியவர்கள் பாடினார்கள். கால்பந்து மைதானத்தில் பதினையாயிரம் பேர் சேர்ந்து பாடும்போது பக்கத்துத் தெருவில் ஜன்னல் கண்ணாடி அதிரும். அதைக் கட்டியது யார் என்று கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது. "பழைய பாட்டுங்க, மலையிலேர்ந்து வந்தது" என்பார்கள்.

மலையிலிருந்து வந்தவள்தான் புருல்கான். நாரின் பக்கத்துக் கிராமம். பத்தாவது முடித்த கையோடு நகரத்துக்குத் தையல் வேலைக்கு வந்தாள். டைல்ஸ் ஒட்டும் வேலை பார்த்த மெடெரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருமாக நகரத்தின் மேற்கு ஓரத்தில் அக்-ஓர்கோ குடியிருப்பில் மண் கல்லை அடுக்கி மூன்று அறைகள் எழுப்பினார்கள். இரண்டுக்குக் கூரை போட்டார்கள். மூன்றாவதற்குப் போட முடியவில்லை. "ரெண்டு குளிர்காலம் மாஸ்கோவுல வேலை பார்த்தா போதும், கூரை வந்துரும்" என்று சொல்லிவிட்டு மெடெர் பஸ் ஏறினான்.

அப்போது அவர்கள் மகள் செசிம் இரண்டு வயதுக் குழந்தை. முதல் இரண்டு கோடையும் மெடெர் வந்தான். மூன்றாம் வருஷம் வேலை அனுமதித் தாளில் ஏதோ கோளாறு, எல்லையைத் தாண்டினால் திரும்ப விடமாட்டார்கள் என்றான். நான்காம் வருஷம் முதலாளி விடவில்லை. ஐந்தாம் வருஷம் காரணம் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. மூன்றாவது அறைக்குள் ஒவ்வொரு குளிர்காலமும் பனி விழுந்து இடுப்பளவு குவிந்தது. மாமியார் அதை மண்வாரியால் வெளியே தள்ளுவாள். வசந்தத்தில் அந்த அறையில் வெங்காயம் முளைத்தது.

புருல்கான் வேலை பார்த்த தையல் கூடம் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் நிலவறையில் இருந்தது. பதினான்கு மெஷின்கள். இவளுக்குத் துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக். நாள் முழுக்கப் பெடலை மிதிப்பதும் விடுவதுமாக ஓடும் அந்தச் சத்தத்துக்குள்தான் பாட்டு பிறந்தது. அவள் உட்கார்ந்து எழுதவில்லை. நீளத் தையல் ஓடும்போது வாய் ஒரு வரியை முணுமுணுக்கும். நூலை அறுக்கப் பெடலை விடும்போது "உய்கோ கெல்" என்று முடியும். வீட்டுக்கு வா. அவ்வளவுதான்.

சாலை வெளுத்தது, உய்கோ கெல்.
ஆடு இறங்கியது, உய்கோ கெல்.
எதையும் தேடிக்கொண்டிருக்காதே,
வெறுங்கையோடாவது உய்கோ கெல்.

பக்கத்து மெஷின் தமாராவின் வாயில் அது ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து காஜா எடுக்கிற பெண்களுக்குப் போனது. ஒரு மாதத்தில் நிலவறை முழுக்க அதுதான். யாரை நினைத்து என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பதினான்கு பேரில் ஒன்பது பேருக்கு யாராவது ஒருவர் ரஷ்யாவில் இருந்தார்கள்.

புருல்கானின் தம்பி எர்மெக் கால்பந்துப் பைத்தியம். பகலில் சந்தையில் கண்டெய்னர் கடை ஒன்றில் மூட்டை தூக்குவான். தேசிய அணி விளையாடும் நாளில் வடக்குப் பக்கப் படிக்கட்டில் பெரிய மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பான். ஒரு நாள் அவன் நிலவறைக்கு ஆர்டரோடு வந்தான்.

"அக்கா, நூத்தம்பது கழுத்துத் துண்டு வேணும். சிவப்பு. நடுவுல மஞ்சச் சூரியன்."

தமாரா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். "போன தடவை தைச்சதெல்லாம் என்ன ஆச்சு தம்பி?"

"இருக்கு பெரியக்கா. ஆனா இந்தத் தடவை ஆளுங்க அதிகம்."

"போன தடவை மூக்கு சிந்தத்தான் ஆச்சு. துணியைக் கொஞ்சம் மெல்லிசா எடுக்கட்டுமா, சிந்த வாகா இருக்கும்?"

பெண்கள் சிரித்தார்கள். எர்மெக்கும் சிரித்தான். தோற்கும் அணிக்கு மேளம் அடிக்கிறவனுக்குத் தோல் தடிப்பாகத்தான் இருக்கும்.

"துணி கெடக்குது பெரியக்கா, பாட்டுதான் இல்ல" என்றான். "மைக்குல ஒண்ணு போடுறாங்க. கழுகு வருது, ஓநாய் வருது, குதிரை வருது, சிறுத்தை வருது. மிருகக்காட்சி சாலையைத் தொறந்து விட்ட மாதிரி. ரெண்டு கோல் வாங்கினதும் ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டேங்கறான். ஜெயிப்போம், ஜெயிப்போம்னு மட்டும் பாட்டு இருந்தா, தோக்கறப்ப என்னத்தைப் பாடுறது?"

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே உணவு இடைவேளை முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கின. பெண்கள் பழக்கத்தில் பாட்டை எடுத்தார்கள். எர்மெக் வாசலில் நின்றுவிட்டான். நான்காம் வரி முடிந்தபோது விரல்களால் கதவில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இது யாரு பாட்டு?"

"பாட்டா? சும்மா வாயில வந்தது."

"யாரு வாயில?"

"ஏன்டா, என் வாய்க்கு என்ன கொறச்சல்?"

"எனக்குக் குடு" என்றான்.

"எடுத்துக்கோ. இங்க யாரு பூட்டி வச்சிருக்கா" என்றாள் புருல்கான்.

அடுத்த மாதம் அணி வளைகுடா நாடு ஒன்றுக்குப் போய் ஐந்து கோல் வாங்கியது. ஒன்றுகூடத் திருப்பிப் போடவில்லை. அவர்கள் திரும்பிய காலையில் விமான நிலையத்துக்குப் போன ரசிகர்கள் இருபது பேர் இருக்கலாம். பாதிப் பேர் திட்டுவதற்கென்றே போயிருந்தார்கள். ஒருவன் பையில் அழுகிய தக்காளி வைத்திருந்தான். விளையாட்டுக்காரர்கள் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வெளியே வந்தார்கள்.

எர்மெக் மேளத்தை மெதுவாக அடித்தான். ஒரே குரலில் தொடங்கினான். சாலை வெளுத்தது, உய்கோ கெல். இரண்டாம் வரியில் நான்கு பேர் சேர்ந்தார்கள். வெறுங்கையோடாவது என்கிற இடம் வந்தபோது அணித்தலைவன் தோள்பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றான். கோல்கீப்பர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், அவன் முதுகு குலுங்கியது. தக்காளி வைத்திருந்தவன் தக்காளிப் பையோடு நின்று பாடினான்.

யாரோ அதைப் போனில் எடுத்துப் போட்டார்கள். மூன்று நாளில் அதைப் பார்க்காத கிர்கிஸ் வீடு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. சொந்த மண்ணில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் அணி ஜெயித்தது. மைதானம் நிரம்பியது. ஒரு பாடகன் அந்தப் பாட்டை மினுக்கான இசை போட்டு வெளியிட்டான். அதில் 'மக்கள் பாடல்' என்று எழுதியிருந்தது. எர்மெக் கொதித்துப் போனான்.

"பேரைப் போடச் சொல்லி நாளைக்கே போய்க் கேக்கறேன்."

"விடுடா. நான் மக்கள் இல்லையா?" என்றாள் புருல்கான். கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் மூன்றாவது ஆட்டத்துக்குத் தம்பி கூப்பிட்டதும், வேண்டாம் என்று சொல்லாமல் தமாராவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

முதல் முறையாக மைதானத்துக்குள் போனவள் ஆட்டத்தை அதிகம் பார்க்கவில்லை. பாடுகிறவர்களைப் பார்த்தாள். பலர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். கல்பாக் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் ஆகாயத்தைப் பார்த்துப் பாடினார். பக்கத்து இருக்கையில் ஒரு பருத்த அம்மாள் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தொலியை மடியில் துப்பிக்கொண்டிருந்தாள். பாட்டு வந்ததும் எழுந்து நின்று நெஞ்சில் கையை வைத்துப் பாடிவிட்டு உட்கார்ந்தாள்.

"யாரு கோல் போட்டது?" என்று புருல்கான் அவளிடம் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும் பொண்ணு? என் பையன் நோவோசிபிர்ஸ்க்ல இருக்கான். நான் அவனைக் கூப்பிடுறேன். இவனுங்க ஓடினா என்ன, உக்காந்தா என்ன."

எதிர்ப்பக்கம் விருந்தாளி அணியின் ரசிகர்கள் இருநூறு பேர், கூண்டு மாதிரி ஒரு மூலையில், கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். வேகமான பாட்டு. இடைவேளையில் எர்மெக் மேலே வந்தான்.

"அவங்க பாட்டு உனக்குப் புரியுதா அக்கா? நாங்க வந்துட்டோம், நாங்க எடுத்துப்போம், நாங்க நாங்கன்னே போகுது. எல்லா நாட்டுக்காரனும் அப்படித்தான் பாடுறான். நம்ம பாட்டுல மட்டும்தான் 'நாங்க'வே இல்ல. நீ வா, நீ வான்னு மட்டும்தான் இருக்கு."

"அது தப்பா?"

"தப்புன்னு சொல்லல. நம்ம ஆளுங்களுக்கு அதுதான் வாயில வருது, பாரேன்."

அந்த வாரம் மெடெர் போன் செய்தான். வழக்கமாக மகளிடம் நாலு வார்த்தை, அம்மாவிடம் நாலு வார்த்தை பேசுகிறவன், அன்றைக்குப் புருல்கானைக் கூப்பிடச் சொன்னான்.

"உன் பாட்டாமே? எர்மெக் சொன்னான். இங்க எல்லாரும் பாடிக்கிட்டுத் திரியறாங்க. என்னால நம்பவே முடியல."

"நம்பாட்டிப் போ."

"யாரை நெனைச்சுப் பாடினே?"

உன்னைத்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்து வருஷம் வராதவனிடம் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "விளையாடுறவங்களைத்தான். வேற யாரை?" என்றாள்.

"கோடையில வரப் பாக்கறேன்" என்றான்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரக் கடைசியில் மூன்றாவது அறையின் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கூரையில்லாத அறைக்கு யாராவது சுண்ணாம்பு அடிப்பார்களா என்று அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள்.

கோடை வந்தது, போனது. மெடெர் வரவில்லை. அணி மட்டும் எப்படியோ தத்தித் தத்திக் கடைசி இரண்டு ஆட்டங்கள் வரைக்கும் வந்துவிட்டது. முதலாவது வெளியூரில். சமன் ஆனாலே போதும், சொந்த ஊரில் கடைசி ஆட்டத்தை ஜெயித்துவிட்டால் அடுத்த சுற்று. நாட்டில் யாரும் அவ்வளவு தூரம் கணக்குப் போட்டுப் பழகியிருக்கவில்லை. அந்த முதல் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமன் ஆனது. தெருவில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஓடின.

மறுநாள் காலை நிலவறைக்குள் புருல்கான் நுழைந்தபோது பெண்கள் தமாராவின் போனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் கலைந்தார்கள். தமாரா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. மாஸ்கோவுல நம்ம பசங்க ஆட்டம் பாத்த வீடியோ. நீ மெஷினைப் போடு, சட்டை நூறு நிக்குது."

"காட்டுங்க, பாப்போம்."

"அப்புறம் பாக்கலாம்டி."

"காட்டுங்கக்கா."

தமாரா நீட்டினாள்.

மாஸ்கோவில் ஒரு கிர்கிஸ் சாப்பாட்டுக் கடை. சுவரில் பெரிய திரை, மேஜையில் மந்திக் கொழுக்கட்டைத் தட்டுகள், அடைத்துக்கொண்டு இருநூறு பேர். ஆட்டம் முடிந்து எல்லாரும் பாடுகிறார்கள். கேமரா மெதுவாகத் திரும்புகிறது. இடது பக்கம் மெடெர். கொஞ்சம் தொந்தி போட்டிருந்தான். தோளில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, பெரிய கல்பாக் காதுவரை இறங்கியிருக்க, அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற பெண் தன் சால்வை நுனியால் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். மெடெர் வாயைப் பிளந்து பாடிக்கொண்டிருந்தான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. 'வெறுங்கையோடாவது' என்கிற இடத்தில் அவன் குரல் தனியாகவே கேட்டது.

புருல்கான் மூன்று தடவை பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். மெஷினுக்குப் போனாள். மத்தியானம் கட்டிங் மாஸ்டர் வந்து பார்த்தபோது பதினோரு சட்டைகளில் வலது கை இடப்பக்கம் தைத்திருந்தது. அவர் வாயைத் திறந்தார். தமாரா அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். தமாராவே உட்கார்ந்து பதினொன்றையும் பிரித்தாள்.

வீட்டில் மாமியார் அடுப்பில் நிலக்கரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, உங்களுக்குத் தெரியுமா?"

கிழவி கரியைப் போட்டு முடித்தாள். அடுப்புக் கதவைச் சாத்தினாள். எதைப் பற்றி என்று கேட்கவில்லை.

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"குழந்தை பொறந்தப்போ போட்டோ அனுப்பிச்சான்."

"மூணு வருஷம் எங்கூட ஒரே தட்டுல சாப்பிட்டீங்க."

"சொன்னா நீ பொண்ணைத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பே" என்றாள் மாமியார். "எனக்கு யாரு இருக்கா? அவனா வந்து பாக்கப் போறான்? அவன் உனக்கு மட்டும் போகலம்மா. எனக்கும்தான் போயிட்டான்." தரையில் உட்கார்ந்து முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். திட்டலாம் என்று நின்ற புருல்கானுக்கு, திட்டுவதற்கு அந்த வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்தது.

செசிம் பள்ளியிலிருந்து வருவதற்குள் மெடெருக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான். காத்திருந்திருப்பான்.

"பொண்ணு பேரு என்ன?"

"...அய்பிகே."

"நல்ல பேரு."

"புருல்கான், நான் சொல்லணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் நாக்கு வரைக்கும் வரும். உன்மேல சத்தியமா, நேத்துப் பாடறப்ப நெஜமாவே அழுதேன். அங்க இருந்த அத்தனை பேரும் அழுதாங்க."

"பாத்தேன். அழுதுட்டு?"

"என்ன?"

"அழுது முடிச்சுட்டு எங்க போனீங்க எல்லாரும்?"

"வீட்டுக்குத்தான்" என்றான் மெடெர்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு குழந்தை எதையோ கீழே போட்டுவிட்டுச் சிரித்தது. புருல்கான் போனை வைத்தாள்.

அதற்கப்புறம் அவளுக்கு ஒன்று புரிந்தது. அந்தக் கடையில் அத்தனை உரக்கப் பாடியவர்களில் ஒருத்தரும் வரமாட்டார்கள். வருகிறவனுக்கு அந்தப் பாட்டுத் தேவையில்லை. அவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிடுவான்.

கடைசி ஆட்டத்துக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தாள். எர்மெக்கிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. தமாரா சொல்லியிருந்தாள். அவன் மத்தியானம் வீட்டுக்கே வந்து, "வா அக்கா. இங்க உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு என்ன பண்ணப் போறே?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அக்டோபர் வெயில். மலைகள் மைதானத்துச் சுவருக்குப் பின்னால் துல்லியமாகத் தெரிந்தன. உள்ளே எறும்பு நுழைய இடமில்லை.

முதல் கோலை எதிரணி போட்டது. பதில் கோல் போட அறுபத்தெட்டு நிமிஷம் ஆயிற்று. அதிலிருந்து பாட்டு நிற்கவேயில்லை. இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று. புருல்கான் வாயைத் திறக்காமல் நின்றாள். தன் வார்த்தைகள் தன்னைச் சுற்றிப் பதினையாயிரம் வாயில் அரைபடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

எண்பத்தொன்பதாம் நிமிஷம். நாலாம் நம்பர் சட்டை போட்ட எல்தியார் என்ற பையன், இருபத்தொரு வயது, தடுப்பாட்டக்காரன், அழுத்தத்தில் பந்தைத் தன் கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்டினான். பந்தில் வேகம் போதவில்லை. எதிரணிக்காரன் இடையில் புகுந்தான். இரண்டு தப்படி. பந்து வலைக்குள் போய்ச் சுருண்டது.

மைதானம் ஊமையாகிவிட்டது. மேளமும் நின்றது. எல்தியார் புல்லில் உட்கார்ந்து, சட்டையை இழுத்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டான். அந்த நிசப்தத்தில் கிழக்குப் பக்கம் நாலைந்து பேர் பாட்டைத் தொடங்கினார்கள். முதலில் எல்லாரும் அது வழக்கமான பாட்டு என்றே நினைத்தார்கள். ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருந்தது.

உய்கோ கெட். வீட்டுக்குப் போ.

போய்த் தொலை என்கிற 'போ'. முதலில் யாரோ சிரித்தார்கள். அடுத்த வரியில் கிழக்குப் பக்கம் முழுவதும் பாடியது. எர்மெக் கீழே நின்று, "நிறுத்துங்கடா! அவன் நம்ம பையன்டா!" என்று கத்தினான். அந்தச் சத்தத்தை அமுக்க மேளத்தைப் பலம்கொண்ட மட்டும் அடித்தான். மேளம் தாளமாகத்தான் உதவியது. அவன் அடிக்க அடிக்க வடக்குப் பக்கமும் அந்தத் தாளத்தில் ஏறிக்கொண்டது. சூரியகாந்தி விதை அம்மாள் அன்றும் வந்திருந்தாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கெட்! கெட்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

புருல்கானின் வாய் எப்போது திறந்தது என்று அவளுக்கே தெரியாது. எதையும் தேடிக்கொண்டிருக்காதே, வெறுங்கையோடாவது உய்கோ கெட். குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. அந்த எழுத்து ஏழு வருஷமாக அவள் பல்லுக்கு நடுவில் சிக்கிக் கிடந்த மாதிரி, இப்போதுதான் பெயர்ந்து வெளியே விழுந்த மாதிரி, அவ்வளவு சுகமாக இருந்தது. நான்கு தடவை பாடினாள். ஐந்தாவது தடவை கண்ணைத் திறந்தபோது, மேளத்தை இறக்கி வைத்துவிட்டு எர்மெக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், தூரத்தில், இரண்டு பேர் எல்தியாரைக் கைத்தாங்கலாகத் தூக்கி நடத்திக்கொண்டு போனார்கள். சட்டை இன்னும் முகத்தின் மேலேயே இருந்தது.

வெளியே வந்து அக்காளும் தம்பியும் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தார்கள்.

"நீயுமா?" என்றான் எர்மெக் கடைசியில்.

"நான் அவனைப் பாடல."

"எனக்குத் தெரியும். அங்க ஒருத்தரும் அவனைப் பாடல. ஆளாளுக்கு ஒருத்தனை வச்சுக்கிட்டுத்தான் பாடினாங்க." அவன் மூக்கை உறிஞ்சினான். "அவனுக்கு அது எப்படித் தெரியும் அக்கா?"

பஸ் வந்தது, அவள் ஏறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு 'கெல்' என்று அந்தப் பாட்டை யாரும் பாடவில்லை. பள்ளிக்கூடத்தில் பந்தைக் கோட்டை விட்ட பிள்ளையைச் சுற்றி நின்று மற்றப் பிள்ளைகள் 'கெட்' என்று பாடினார்கள். செசிமும் பாடிக்கொண்டு வந்தாள். அம்மா கட்டியது என்று அவளுக்குத் தெரியாது, புருல்கானும் சொல்லவில்லை. அணிக்கு யாரோ புதுப் பாட்டு ஒன்று செய்து கொடுத்தார்கள். அதில் மறுபடியும் ஓநாயும் கழுகும் வந்தன. ஒலிபெருக்கி மட்டும் அதைப் பாடியது. மெடெர் விவாகரத்துத் தாள்களைத் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பினான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மாமியாரும் மருமகளும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். போவதற்கு இரண்டு பேருக்குமே வேறு இடமில்லை. எர்மெக் மேளத்தைச் சந்தையில் கல்யாணக் கோஷ்டி ஒன்றுக்கு விற்றுவிட்டான். மார்ச்சில் அவனும் மாஸ்கோ பஸ் ஏறினான். எப்போது வருவாய் என்று அவள் கேட்கவில்லை.

எல்தியாரைப் பற்றி விசாரித்தாள். அணியில் இல்லை என்றார்கள். நாரினில் அவள் கிராமத்துக்கு இரண்டு கிராமம் தள்ளித்தான் அவன் வீடு. மே மாதம் உறவில் ஒரு சாவுக்குப் போனவள், திரும்பும் வழியில் அங்கே இறங்கிக்கொண்டாள். அவனைப் பார்த்தால் என்ன சொல்வது என்று வேனில் வரும்போதெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அந்தப் பாட்டு நான் கட்டியது, தம்பி. அது உன்னைச் சொன்னதில்லை. அவ்வளவு சொன்னால் போதும்.

கதவைத் திறந்தது அவன் தாய். மெலிந்த பெண்மணி, கையெல்லாம் மாவு. வழிப்போக்கர் என்று சொன்னதும் உள்ளே அழைத்து, விரிப்பில் உட்காரவைத்துத் தேநீரும் வெண்ணெயும் வைத்தாள்.

"பையன் இல்லீங்களா?" என்றாள் புருல்கான்.

"கசான்ல கிடங்கு வேலை. பெட்டி தூக்குறான். பந்தைத் தொடமாட்டேங்கறான். டிவியில பந்து வந்தா எழுந்து போயிருவான். போன்ல அவங்கூட இருக்கறவங்க சொல்றாங்க, யாராவது அந்தப் பாட்டை முணுமுணுத்தாக்கூட வேர்த்துப் போவுதாம்." அவள் தேநீர்க் கிண்ணத்தைப் பாதி நிரப்பி நீட்டினாள். "யாரு கட்டினாளோ! பொம்பளைதான் கட்டினான்னு சொல்றாங்க. அவ நாக்கு அழுகிப்போக. அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தா தெரியும்."

புருல்கான் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"ஆமாங்க" என்றாள். "அழுகிப் போகட்டும்."

தேநீரைக் குடித்தாள். இரண்டாவது கிண்ணத்தையும் குடித்தாள். எழுந்தபோது அந்த அம்மாள் பொரித்த போர்சோக் உருண்டைகளை ஒரு துணியில் முடிந்து, வழிக்கு வைத்துக்கொள் என்று கையில் திணித்தாள்.

"வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க உனக்கு?"

"மாமியார். ஒரு பொண்ணு."

"வீட்டுக்காரர்?"

"மாஸ்கோவுல."

"வந்துருவாரும்மா" என்று அந்த அம்மாள் மாவுக் கையால் அவள் தோளைத் தட்டினாள். "எல்லாரும் ஒரு நாள் வந்துருவாங்க."

புருல்கான் துணி முடிச்சை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்து, நகரத்துக்குப் போகும் வேனுக்காக நின்றாள்.